கட்டிங் செக்ஷனுக்கு மட்டும் பென்டிரைவ் திறக்கப் போய், மத்த பாலிசியெல்லாம் கழண்டுபோச்சுங்க

நொய்யல்கரை

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில சிஸ்டம் அட்மினா சேர்ந்து அஞ்சு மாசம் ஆச்சு. எனக்கு முன்னாடி இருந்தவரு பாஸ்வேர்டு எழுதின ஒரு நோட்டை மட்டும் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. எதை எதுக்குப் பண்ணி வெச்சாருன்னு அதுல ஒரு வரி கிடையாது.

ஒரே டொமைன் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்துல இருந்து நிர்வகிக்கற அமைப்பு), 212 கம்ப்யூட்டர். ஆக்டிவ் டைரக்டரில, அதாவது டொமைனோட பட்டியல்ல, ஹெட் ஆபீஸ், யூனிட் 1, யூனிட் 2ன்னு மூணு ஓயு (கம்ப்யூட்டரையும் யூசரையும் பிரிச்சு வைக்கற பெட்டி), ஒவ்வொண்ணுக்குள்ளயும் டிபார்ட்மெண்ட் வாரியா சின்னச் சின்ன ஓயு. டொமைன் தலைமேல ஒன்பது ஜிபிஓ (குரூப் பாலிசி, கம்ப்யூட்டருக்கும் யூசருக்கும் போற செட்டிங் தொகுப்பு) லிங்க் ஆகி இருக்குது. அதுல ஏழுக்குப் பூட்டுப் படம் இருக்குது, அதான் என்ஃபோர்ஸ்டு. பூட்டு இல்லாதது ரெண்டே ரெண்டு: விண்டோஸ் அப்டேட் எப்ப ஓடணும்னு சொல்றது ஒண்ணு, நாங்க ரிமோட் எடுக்கறதுக்கு ஃபயர்வால்ல வழி விடறது ஒண்ணு. பையர் ஆடிட்டுக்காக (நம்மகிட்ட சரக்கு வாங்கற கம்பெனி பண்ற சோதனை) யுஎஸ்பியை அடைச்ச ஜிபிஓ பூட்டுப் போட்ட ஏழுல ஒண்ணு.

யூனிட் 2 கட்டிங்ல நாலு கம்ப்யூட்டர். மார்க்கர் ஃபைலை (துணியை எப்படி வெட்டணும்கற வரைபடம்) பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய்த்தான் கட்டர் மெஷின்ல போடணும், வேற வழி இல்லைன்னு கட்டிங் மாஸ்டர் ஒரு மாசமா நச்சரிச்சாரு. சரின்னு யூனிட் 2க்குள்ள 'கட்டிங்'னு புது ஓயு உண்டாக்கி, நாலையும் அதுக்குள்ள தள்ளி, ஓயு மேல பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் போட்டேன். மேல இருந்து எதுவும் வராது, பென்டிரைவ் திறந்துக்கும்னு நெனச்சேன்.

மூணு கம்ப்யூட்டர்ல பென்டிரைவ் இன்னும் திறக்கலீங்க. ஒண்ணுல மட்டும் திறந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரி எட்டேகாலுக்கு, செகண்ட் ஷிப்ட் நடந்துட்டு இருக்கறப்ப, அதுல ஒரு கம்ப்யூட்டர் அப்டேட்டுன்னு தானா ரீஸ்டார்ட் ஆயிருச்சு. டேபிள்ல 80 அடுக்கு துணி விரிச்சு வெச்சிருக்காங்க, மார்க்கர் பாதியில நிக்குது. வீட்ல இருந்து ரிமோட் எடுக்கலாம்னு பாத்தா அதுவும் முடியலை. வண்டிய எடுத்துட்டு மங்கலம் ரோட்டுல போய்ச் சேர்றதுக்கு முக்கால் மணி நேரம். மாஸ்டர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை எழுத வேண்டாம்.

அப்புறம் கட்டிங் ஓயுல ஒரு புது ஜிபிஓ போட்டு, யுஎஸ்பி பாலிசியை 'நாட் கான்ஃபிகர்டு'ல வெச்சு, அதுக்கும் பூட்டுப் போட்டுப் பாத்தேன். மாற்றமே இல்லை. மூணுல திறக்காம ஒண்ணுல மட்டும் ஏன் திறந்துச்சு? பாலிசி ஒழுங்கா ஓடுற கம்ப்யூட்டர் எதுன்னே எனக்கு இப்பத் தெரியலீங்க.

கேபிள் அக்கா

தம்பி, முதல் வேலையா அந்த ஓயு மேல ரைட் கிளிக் பண்ணி பிளாக் இன்ஹெரிட்டன்ஸை எடுத்துடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம். இன்னிக்கும் செகண்ட் ஷிப்ட் இருக்குல்ல?

பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் தடுக்கறது பூட்டில்லாத ஜிபிஓவை மட்டும்தான். பூட்டுப் போட்டது அதைத் தாண்டி வரும், பூட்டுன்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத்தான். உங்க கணக்கைப் பாருங்க. எது நிக்கணும்னு நெனச்சீங்களோ, அந்த யுஎஸ்பி அடைப்பு நேரா உள்ள வந்துருச்சு. எது உங்களுக்கு வேணுமோ, அந்த அப்டேட் நேரமும் ரிமோட் வழியும் வாசல்ல நின்னுருச்சு. அப்டேட் பாலிசி போனதும் விண்டோஸ் தன்னோட வழக்கமான ஆக்டிவ் ஹவர்ஸுக்குத் திரும்பிருக்கும். அது காலை 8ல இருந்து சாயந்திரம் 5 வரை. எட்டேகால்ங்கறது அதோட கணக்குல யாரும் வேலை பாக்காத நேரம்.

'நாட் கான்ஃபிகர்டு' பத்தி ஒரு வார்த்தை. அதுக்கு 'வேண்டாம்'னு அர்த்தம் இல்லை, 'எனக்கு இதுல கருத்து இல்லை'ன்னு அர்த்தம். கருத்தே இல்லாதவன் பேச்சை யார் கேப்பா? மேல சொன்னதுதான் நிக்கும். மேல 'எனேபிள்டு'ன்னு இருக்கறதைக் கீழே மாத்தணும்னா கீழே 'டிஸேபிள்டு'ன்னு வாயைத் திறந்து சொல்லணும். அதுவும் மேல பூட்டு இருந்தா செல்லாது. நீங்க போட்ட பூட்டும் செல்லாது, ஏன்னா பூட்டுக்குப் பூட்டு வந்தா மேல இருக்கறது ஜெயிக்கும். சாதாரணமா கடைசியா வர்றது, அதாவது கம்ப்யூட்டருக்குக் கிட்ட இருக்கற ஓயுவோடது ஜெயிக்கும். பூட்டு வந்ததும் அது தலைகீழ்.

ரெண்டு விஷயம் எனக்கு வேணும். ஒண்ணு, குரூப் பாலிசி கன்சோல்ல கட்டிங் ஓயுவைத் தொட்டு 'குரூப் பாலிசி இன்ஹெரிட்டன்ஸ்' டேப்ல என்ன வரிசை காட்டுதுன்னு எழுதுங்க. இன்னொண்ணு, நாலு கம்ப்யூட்டர்லயும் ஜிபிரிசல்ட் ஸ்லாஷ் ஹெச் குடுத்து, எந்தெந்தப் பாலிசி வந்து சேர்ந்துச்சுன்னு ரிப்போர்ட் எடுங்க. கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறக்கணும், சாதாரணமா திறந்தா கம்ப்யூட்டர் பக்கத்துப் பாலிசியைக் காட்டாது. முக்கியமா அந்தத் 'திறந்த' கம்ப்யூட்டரோடது. எனக்கு அது மேல நல்ல அபிப்பிராயம் இல்லை.

நொய்யல்கரை

எடுத்துட்டேனுங்க அக்கா. அரை மணி நேரத்துல மூணு கம்ப்யூட்டருக்கு ரிமோட் வந்துருச்சு. நாலாவதுக்கு வரலை, அதான் 'திறந்தது'.

அதுல ஜிபிரிசல்ட் போட்டா, டொமைன் யூசருக்கு ரிப்போர்ட் வரமாட்டேங்குது. பாத்தா அதுல டொமைன் லாகினே நடக்கறதில்லையாம். 'கட்டிங்1'ன்னு ஒரு லோக்கல் அக்கவுண்ட், பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். போன தீபாவளி சமயத்துல ஹார்ட் டிஸ்க் போய், பழைய இமேஜை மறுபடி ஏத்திருக்காங்க. அதுக்கப்புறம் டொமைனோட அதுக்கு ஒட்டே இல்லை. பவர்ஷெல்லுல டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் குடுத்தா 'ஃபால்ஸ்'னு வருது.

நான் பண்ணினதுனால அது திறக்கலீங்க. ரொம்ப நாளா திறந்துதான் கிடந்திருக்குது.

கேபிள் அக்கா

நெனச்சேன். ஒரே பாலிசிக்கு நாலுல ஒண்ணு மட்டும் வேற மாதிரி நடந்தா முதல்ல ஓயுவைச் சந்தேகப்படக் கூடாது, அந்தக் கம்ப்யூட்டருக்கு பாலிசி போய்ச் சேருதான்னு பாக்கணும். அதே கட்டளையில ரிப்பேர் போட்டு டொமைன் அட்மின் பேரு குடுங்க. சரியாகலைன்னா டொமைன்ல இருந்து கழட்டி மறுபடி சேருங்க. சேர்ந்ததும் அதுலயும் பென்டிரைவ் அடையும், மாஸ்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

பழைய சர்வர்

தாமதமா வாரேன். அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் விதிவிலக்கை எப்படிப் போடுறதுங்கிறதை மட்டும் சொல்லுதேன், ஏன்னா நானும் அதுலதான் ரெண்டு தடவை சூடுபட்டவன்.

விண்டோஸ் 2000ல குரூப் பாலிசி வந்த நாள்ல இருந்து இந்தக் கதைதான். நம்ம ஊரு வாய்க்கால் மாதிரி நெனச்சுக்கிடுங்க. லோக்கல், சைட், டொமைன், ஓயு, ஓயுக்குள்ள ஓயுன்னு தண்ணி இறங்கி வருது. ஒரு வயலுக்கு உரத்தண்ணி வேண்டாம்னா, அந்த வயலோட மடையை மொத்தமா அடைச்சா என்ன ஆகும்? நல்ல தண்ணியும் நின்னுரும். பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் அதுதான். ஒரே ஒரு ஜிபிஓவை மட்டும் தடுன்னு அதுகிட்ட சொல்ல முடியாது. தடுத்த பெறகு வேணும்கிறதை ஒவ்வொண்ணா அந்த ஓயுவுல மறுபடி லிங்க் பண்ணிக்கிட்டே இருக்கணும். ஆறு மாசம் கழிச்சு யாராவது டொமைன்ல ஒரு புது ஜிபிஓ போடுவான், அது இந்த ஓயுக்கு வராது, ஒருத்தனுக்கும் தெரியாது. அதனால டெஸ்ட் ஓயு தவிர வேற எங்கேயும் நான் அதைத் தொடுறதில்ல.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, டொமைன்ல அந்த யுஎஸ்பி ஜிபிஓவோட லிங்க்ல இருக்கிற பூட்டை எடுக்கிறது. பூட்டு லிங்குக்கு உரியது, ஜிபிஓவுக்கு இல்ல, இதை மறந்துறாதீங்க. எடுத்துட்டு கட்டிங் ஓயுவுல ஒரு சின்ன ஜிபிஓ போட்டு அதே பாலிசியை 'டிஸேபிள்டு' பண்ணணும். பாக்குறவனுக்குப் புரியும், ஓயுவைப் பாத்தாலே கதை தெரியும். ஆனா யூனிட் ஆட்களுக்கு அவங்கவங்க ஓயுவுல ஜிபிஓ லிங்க் பண்ற அதிகாரம் குடுத்திருந்தா, நாளைக்கு யூனிட் 1காரனும் இதே மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிடுவான். உங்க பையர் ஆடிட்ல 'யார் வேணும்னாலும் திறக்கலாமா'ன்னு கேட்டா பதில் சொல்லணும்.

ரெண்டாவது வழி, பூட்டை அப்படியே விட்டுட்டு, 'யுஎஸ்பி விலக்கு' மாதிரி ஒரு செக்யூரிட்டி குரூப் உண்டாக்கி, கம்ப்யூட்டர் கணக்குகளை அதுல சேர்த்து, யுஎஸ்பி ஜிபிஓவோட டெலிகேஷன் டேப்ல அட்வான்ஸ்டுக்குள்ள போய் அந்தக் குரூப்புக்கு 'அப்ளை குரூப் பாலிசி'யை 'டினை' பண்றது. பூட்டு இருந்தாலும் இது செல்லும். பூட்டு வரிசையைத்தான் மாத்துது, 'அப்ளை' உரிமை இல்லாதவன்கிட்ட பாலிசி எப்படிப் போகும்? நான் இந்த வழியைத்தான் எடுப்பேன். ஒரே ஒரு இடத்துல ஒரே ஒரு பட்டியல், அந்தக் குரூப்ல யாரு இருக்கான்னு பாத்தாப் போதும்.

இதுலயும் ஒரு பள்ளம் உண்டு. அந்த 'டினை' கன்சோலோட ஸ்கோப் டேப்ல (ஜிபிஓ யாருக்குப் போகும்னு காட்டுற இடம்) தெரியாது. அங்க 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்'னு (டொமைன்ல லாகின் ஆன எல்லா யூசரும் கம்ப்யூட்டரும்) மட்டும் பச்சப்புள்ள மாதிரி உக்காந்திருக்கும். உங்களுக்கு அடுத்து வாரவன் உங்களைத் திட்டுவான், நீங்க இப்ப முன்னாடி இருந்தவரைத் திட்டுத மாதிரியே. அதனால ஜிபிஓ பேர்லயே எழுதிருங்க, 'யுஎஸ்பி அடைப்பு, விலக்கு குரூப் உண்டு'ன்னு. கமெண்ட் பெட்டியும் இருக்கு, அதுல யாரு கேட்டது, எந்தத் தேதின்னு எழுதுங்க.

'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்'னதும் ஒரு பழைய கதை. டிரைவ் மேப் பண்ற, அதாவது சர்வர் ஃபோல்டரை டிரைவா காட்டுற, ஜிபிஓவை அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு மட்டும்னு ஆக்குறதுக்கு, நான் ஸ்கோப்ல இருந்து ஆதென்டிகேட்டட் யூசர்ஸைத் தூக்கிட்டு அக்கவுண்ட்ஸ் குரூப்பை மட்டும் வச்சிருந்தேன். வருஷக்கணக்கா நல்லாத்தான் ஓடிச்சு. 2016 ஜூன்ல எம்எஸ்16-072ன்னு ஒரு செக்யூரிட்டி அப்டேட் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் யூசர் பாலிசியை யூசரோட உரிமையில படிச்சிக்கிட்டு இருந்த விண்டோஸ், அதுக்குப் பெறகு கம்ப்யூட்டரோட உரிமையில படிக்க ஆரம்பிச்சுது. நடுவுல இருந்து யாரும் பாலிசியை மாத்திரக் கூடாதுன்னு செஞ்சது, நல்ல மாற்றம்தான். ஆனா என் ஜிபிஓவைப் படிக்க கம்ப்யூட்டருக்கு உரிமையே இல்ல. திங்கக்கிழமை காலையில அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தருக்கும் டிரைவ் இல்ல. மாசக்கடைசி வேற. தப்பு என்னோடதுதான், 'ரீட்'டை விட்டு வச்சிருக்கணும். அன்னைல இருந்து, ஸ்கோப்பைச் சுருக்கினா 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்'க்கு 'ரீட்' மட்டும் குடுத்துட்டுத்தான் மறுவேலை. நீங்களும் அந்த ஆதென்டிகேட்டட் யூசர்ஸைத் தூக்கிராதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இன்னொண்ணு. விலக்கு குடுத்த கம்ப்யூட்டர் அம்மணமா நிக்கும். முன்னாடி 'ஆல் ரிமூவபிள் ஸ்டோரேஜ் கிளாஸஸ்: டினை ஆல் ஆக்சஸ்' இருந்த இடத்துல இப்ப ஒண்ணும் கிடையாது. அது இருக்கிற வரைக்கும் மத்த தனித்தனி ஸ்டோரேஜ் பாலிசி எதுவும் எடுபடாது, இவன்தான் எல்லாத்துக்கும் மேல. அவன் போனபெறகு அதே இடத்துல இருக்கிற சின்னவங்களைக் கூப்பிடலாம். 'ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை எக்ஸிகியூட் ஆக்சஸ்' போட்டா ஃபைலை எடுக்கலாம் வைக்கலாம், ஆனா பென்டிரைவ்ல இருந்து புரோகிராம் ஓடாது. சிடி, டிவிடி, ஃபோனு எல்லாத்தையும் தனித்தனியா அடைச்சிருங்க. ரெண்டாவதா ஒரு ஜிபிஓ, அதே குரூப்புக்கு மட்டும். இல்லன்னா மார்க்கர் ஃபைலோட சேர்ந்து வேற என்னல்லாம் வரும்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாம் ஷிப்ட்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும். அடிப்படைக் கேள்வி ஒண்ணு: பென்டிரைவே எதுக்கு? கட்டர் மெஷினை நெட்வொர்க்ல சேர்த்து ஒரு ஷேர்டு ஃபோல்டர் குடுத்தா முடிஞ்சுது. விலக்குன்னு ஒண்ணு வந்துட்டாலே அது பெருகும்.

நொய்யல்கரை

நியாயமான கேள்விதானுங்க. அந்தக் கட்டரோட கன்ட்ரோலர் விண்டோஸ் 7. மெஷின் குடுத்தவங்க அதைத் தொட்டா சர்வீஸ் கிடையாதுன்னுட்டாங்க. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, அதை டொமைன் நெட்வொர்க்ல விட எனக்கே பயம். தனியா நிக்கறதுதான் அதுக்கும் நமக்கும் நல்லது.

ரெண்டாம் ஷிப்ட்

அப்ப சரி. ஆனா நாலு கம்ப்யூட்டருக்கும் எதுக்கு விலக்கு? ஒண்ணை மட்டும் வாசல் ஆக்குங்க. மத்த மூணும் மார்க்கரை ஷேர்ல வைக்கட்டும், வாசல் கம்ப்யூட்டர்ல இருந்து மட்டும் பென்டிரைவ்ல ஏறட்டும். கம்பெனி வாங்கிக் குடுத்த ரெண்டு பென்டிரைவ், நம்பர் போட்டு, மாஸ்டர் டிராயர்ல. எங்க ஃபவுண்டரில சிஎன்சி மெஷினுக்கு இப்படித்தான்.

பழைய சர்வர்

இந்தத் தம்பி சொல்றது என் ரெண்டு ஜிபிஓவை விட நல்ல யோசனை. நாலுல மூணை விலக்குல இருந்தே தூக்கிரலாம்.

நொய்யல்கரை

சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் மாறுற நேரத்துல பண்ணினேனுங்க. நடந்ததை அப்படியே எழுதறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல எல்லா ஜிபிஓவையும் பேக்கப் எடுத்தேன். பவர்ஷெல்லுல பேக்கப்-ஜிபிஓ ஒரே வரி. எனக்கு முன்னாடி இருந்தவரு அதை ஒருநாளும் எடுத்த மாதிரித் தெரியலை. அப்புறம் 'யுஎஸ்பி விலக்கு' குரூப் போட்டு, ஒரே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தேன், டேபிளுக்குப் பக்கத்துல இருக்கறதை. 'டினை' போட்டேன். அந்தக் கம்ப்யூட்டர்ல ஜிபிஅப்டேட் ஸ்லாஷ் ஃபோர்ஸ் (பாலிசியை உடனே புதுப்பிக்கற கட்டளை) குடுத்தேன். பென்டிரைவ் சொருகினேன். அடைப்பு!

மறுபடி ஃபோர்ஸ். மறுபடி அடைப்பு. மாஸ்டர் பின்னாடி வந்து நின்னுட்டாரு, 'என்ன கண்ணு, இன்னுமா'ங்கறாரு. நாலு தடவை ஃபோர்ஸ் குடுத்துட்டு, டொமைனை நடத்தற சர்வர் (டொமைன் கன்ட்ரோலர்) ரெண்டுக்கும் நடுவுல ரெப்ளிகேஷன், அதாவது மாற்றத்தைப் பரிமாறிக்கறது, நடக்கலையோன்னு அதையும் பாத்தேன். அதுவும் சரியா இருக்குது. வேர்த்துருச்சுங்க. கடைசில வேற வழி இல்லாம ரீஸ்டார்ட் பண்ணினேன், எழுந்ததும் பென்டிரைவ் திறந்துச்சு. ஜிபிரிசல்ட் ஸ்லாஷ் ஆர்ல பாத்தா, யுஎஸ்பி ஜிபிஓ பேருக்குக் கீழே 'ஃபில்டரிங்: டினைடு, செக்யூரிட்டி'ன்னு வந்துச்சு. அந்த வரியை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

ரீஸ்டார்ட் ஏன் வேணும்னு மட்டும் இன்னும் புரியலீங்க.

அப்புறம், பூட்டுப் போட்ட ஏழையும் பாத்தேன். ஏழுல ஆறுக்கு எதுக்குப் பூட்டுன்னே தெரியலை. எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துரலாமுங்களா?

இன்னொரு தலைவலியும் இருக்குது. லைன் பக்கத்துல டிவில ஓடற ப்ரொடக்ஷன் போர்டு கம்ப்யூட்டர் ஆறு இருக்குது, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா லாக் ஆகுது. ஸ்கிரீன் சேவர் ஜிபிஓ யூசர் பக்கத்துல இருக்குது. மெர்ச்சண்டைசர் ஓயுல பாஸ்வேர்டு 12 எழுத்துன்னு ஜிபிஓ போட்டது மட்டும் சரியா வேலை செய்யுது, அதுல ஒரு சந்தோஷம்.

பழைய சர்வர்

ரீஸ்டார்ட்: கம்ப்யூட்டரும் ஒரு ஆளு மாதிரிதான், பூட் ஆகும்போது டொமைன்கிட்ட டிக்கெட் வாங்கும். எந்தெந்தக் குரூப்ல இருக்கோம்கிறது அந்த டிக்கெட்லதான் எழுதியிருக்கும். நீங்க குரூப்ல சேர்த்தது பழைய டிக்கெட்ல இல்ல. எத்தனை ஃபோர்ஸ் குடுத்தாலும் பழைய டிக்கெட்டைத்தான் நீட்டும். கேலிஸ்ட் கட்டளையால சிஸ்டம் கணக்கோட டிக்கெட்டைக் கிழிச்சும் போடலாம், ஆனா ரீஸ்டார்ட்தான் லேசு. யூசரைக் குரூப்ல சேர்த்தா லாக் ஆஃப் பண்ணி வரச் சொல்றதும் இதுக்குத்தான்.

பூட்டை ஒரே நாள்ல எடுக்காதீங்க. பூட்டு எடுத்தா ஏதாவது மாறுமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். கீழே எந்த ஓயுலயாவது பிளாக் இருக்கா? கன்சோல்ல ஓயு மேல நீல வட்டத்துல ஆச்சரியக்குறி இருக்கும். கீழே எதுலயாவது, இல்ல அதே டொமைன் மட்டத்துல, இதே செட்டிங்கை வேற மாதிரிச் சொல்ற ஜிபிஓ இருக்கா? இந்த ரெண்டும் இல்லன்னா பூட்டு இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. இருந்தா, யாரோ அந்தச் சண்டையைத் தீக்கத்தான் பூட்டுப் போட்டிருக்காங்க, முதல்ல அதைத் தோண்டுங்க. என் அனுபவத்துல, ஏழு பூட்டு இருக்கிற இடத்துல ஒருத்தர் ஒரு நாள் அவசரத்துல 'வரலையே, வரலையே'ன்னு ஒவ்வொண்ணா பூட்டியிருப்பாரு. வாரத்துக்கு ஒண்ணு எடுங்க. பாலிசி 90 நிமிஷத்துக்கு ஒருக்கா, அதோட 30 நிமிஷம் வரைக்கும் கூடுதலா சேர்ந்து, தானா புதுப்பிக்கும், மத்தியானம் எடுத்தா சாயந்திரத்துக்குள்ள எல்லாருக்கும் போயிருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

கேபிள் அக்கா

தம்பி, உங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டியிருக்கு. அந்த 12 எழுத்து வேலை செய்யலை. ஓயுல போட்ட பாஸ்வேர்டு பாலிசி, அந்த ஓயுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்களோட லோக்கல் அக்கவுண்டுக்கு மட்டும்தான். டொமைன் யூசர் பாஸ்வேர்டு டொமைன் தலைமேல இருக்கற பாலிசியைத்தான் கேக்கும். டிஃபால்ட் டொமைன் பாலிசியைத் தொடாம விட்டிருந்தா அது 7 எழுத்து, 42 நாள். மெர்ச்சண்டைசர் ஒருத்தர்கிட்ட எட்டு எழுத்துல மாத்தச் சொல்லிப் பாருங்க, மாறும். நிஜமா 12 வேணும்னா ஃபைன் கிரெய்ன்டு பாஸ்வேர்டு பாலிசி போடணும். சர்வர் 2008ல இருந்து இருக்கு, 2012க்கு அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டர்ல மவுஸாலயே போடலாம். அது ஓயுல ஒட்டாது, குளோபல் செக்யூரிட்டி குரூப்புக்கோ யூசருக்கோதான்.

டிவி போர்டு: ஆறையும் 'போர்டு'ன்னு ஒரு ஓயுல வைங்க. யூசர் பாலிசி யூசரோட ஓயுவைப் பாத்து வரும், கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னு அது பாக்காது. அந்த ஓயு ஜிபிஓல லூப்பேக்கை (கம்ப்யூட்டர் இருக்கற ஓயுவோட யூசர் பாலிசியையும் எடுத்துக்கச் சொல்றது) மெர்ஜ் மோட்ல போட்டு, ஸ்கிரீன் சேவரை 'டிஸேபிள்டு' பண்ணினா, கம்ப்யூட்டரோட ஓயு சொல்றது கடைசியா வந்து ஜெயிக்கும். ஆனா உங்க ஸ்கிரீன் சேவர் லிங்க்லயும் பூட்டு இருக்கும்னு நெனைக்கிறேன். இருந்தா லூப்பேக்கை ரிப்ளேஸ்ல (யூசரோட ஓயுவை விட்டுட்டு கம்ப்யூட்டர் இருக்கற இடத்துப் பாலிசியை மட்டும் எடுக்கறது) போட்டாலும் தப்பிக்காது, போர்டு கம்ப்யூட்டரும் அதே டொமைனுக்குக் கீழதானே இருக்கு. அதனால வாரத்துக்கு ஒரு பூட்டுன்னா, முதல் வாரத்துல எடுக்க வேண்டியது அது.

நொய்யல்கரை

எட்டு எழுத்துல மாறிருச்சுங்க அக்கா. ரெண்டு மாசமா ஆடிட் ஃபைல்ல '12 எழுத்து'ன்னு எழுதி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை முதல் வேலை அதுதான்.

ஸ்கிரீன் சேவர் பூட்டை இன்னிக்கு மத்தியானம் எடுத்தேன். எடுக்கறதுக்கு முன்னாடி எல்லா ஓயுவையும் பாத்தேன், யூனிட் 1ல 'ஸ்டோர்ஸ்' ஓயு மேல ஒரு நீல ஆச்சரியக்குறி. எப்பவோ யாரோ பிளாக் போட்டு விட்டிருக்காங்க. பூட்டைச் சும்மா எடுத்திருந்தா ஸ்டோர்ஸ் ஆட்கள் எல்லாருக்கும் ஸ்கிரீன் லாக் போயிருக்கும். அந்த பிளாக்கை எதுக்குப் போட்டாங்கன்னு கேட்டா, ஒரு பழைய பார்கோடு பிரிண்டருக்காம். அந்தப் பிரிண்டர் இப்ப இல்லவே இல்லை. பிளாக்கை முதல்ல எடுத்தேன், ரெண்டு மணி நேரம் பொறுத்து, ஸ்டோர்ஸ் கீப்பரம்மாகிட்ட ஏதாவது வித்தியாசமா இருக்குதான்னு கேட்டு, அப்புறம்தான் பூட்டை எடுத்தேன். போர்டு ஆறும் இப்ப லாக் ஆகறதில்லை.

தீபாவளில இருந்து திறந்து கிடந்த அந்த நாலாவது கம்ப்யூட்டரையும் டொமைன்ல சேர்த்துட்டேனுங்க. 'கட்டிங்1' கணக்கை அடைச்சாச்சு. மாஸ்டர் டிராயர்ல ரெண்டு பென்டிரைவ், மேல வெள்ளை பெயின்ட்ல 1, 2ன்னு எழுதி இருக்குது. முதல் நாளே ரெண்டாம் நம்பரைக் காணோம்னாரு. சாயந்திரம் பேக்கிங் செக்ஷன்ல யாரோ பாட்டுக் கேக்க எடுத்துட்டுப் போயிருந்தாங்களாம். சொருகிப் பாத்திருக்காங்க, திறக்கலை, திருப்பிக் கொண்டுவந்து குடுத்துட்டாங்க.

இன்னும் அஞ்சு பூட்டு பாக்கி. அடுத்தது எடுக்கறப்ப வந்து கேக்கறேனுங்க.